ஏ9 கொழும்பில் எங்கே தொடங்குகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 மார்ச் 2025

கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வருவதை எல்லோரும் "ஏ9 ஆல் வந்தேன்" என்கிறார்கள். போன கிழமை நானே கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். பேலியகொடவில் இருந்து கண் வைத்துப் பார்த்தும் ஏ9 என்று ஒரு பலகை இல்லை. அனுராதபுரமும் தாண்டிய பிறகுதான் கண்டேன். அப்படியென்றால் ஏ9 கொழும்பில் எங்கே தொடங்குகிறது? நான் பிழையான வீதியில் வந்தேனா?

3 மார்ச், இரவு

கொழும்பில் தொடங்கவில்லை. கொழும்புக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏ9 என்ற பெருவீதி கண்டியில் தொடங்கி, மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று ஏறி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. 321 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கண்டி வீதி என்று பெயர் இருப்பதன் காரணமே அதுதான். தினமும் வாயால் சொல்லிக்கொண்டே அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

நீங்கள் பிழையான வீதியில் வரவில்லை. குருநாகல் பக்கத்தால் வந்திருந்தால் ஐந்து வீதிகளில் வந்திருக்கிறீர்கள். ஏ9 அதில் கடைசி.

4 மார்ச், காலை

ஐந்து அல்ல, ஆறு. இரவு எண்ணியது பிழை. கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ வரை ஏ1. அங்கே பிரிந்து குருநாகல் வரை ஏ6. குருநாகலில் இருந்து பாதெனிய வரை ஏ10. பாதெனியவில் இருந்து அனுராதபுரம் ஏ28. அனுராதபுரத்தில் இருந்து ரம்பேவ வரை ஏ20. ரம்பேவயில்தான் ஏ9 வந்து கை கொடுக்கிறது. உங்கள் முதல் பலகையும் அந்தப் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும்.

நான் விட்டது ஏ10. லொறியில் முன்சீற்றில் போகும்போது குருநாகலில் சோறு சாப்பிட்டால் எனக்கு நித்திரை வரும், பாதெனியவில்தான் முழிப்பேன். இருபது வருடமாக அந்தத் துண்டை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

புத்தளத்தால் வந்திருந்தால் ஏ3, ஏ12, ஏ20, பிறகு ஏ9. தம்புள்ளையால் என்றால் ஏ1, ஏ6, ஏ9 என்று மூன்றோடு முடிந்தது. எந்தப் பக்கத்தால் வந்தாலும் கொழும்பு–யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குருநாகல், புத்தளம் வழிகளில் அதில் பாதிக்கு மேல் ஏ9 இல்லை.

6 மார்ச்

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காசு கட்டித் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இரண்டு லொறி. கோப்பாயில் இருந்து வெங்காயம், புகையிலை, சில காலம் வாழைக்குலை. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு லொறி தலாவப் பக்கம் மதகுக் கட்டில் உரஞ்சி, பக்கப் பலகை முழுக்கப் போய்விட்டது. காப்புறுதிப் படிவத்தில் "விபத்து நடந்த வீதி" என்று ஒரு பெட்டி. நான் யோசிக்கவே இல்லை, ஏ9 என்று எழுதினேன். கொழும்புக்குப் போகிற வழி வேறு என்ன? பொலிஸ் முறைப்பாட்டில் தலாவ என்று இருக்கிறது. தலாவ இருப்பது ஏ28 இல். இரண்டும் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன், முதலில் ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம். அதற்கு விளக்கம் எழுதினேன். மூன்று மாதம். அதற்குள் பக்கப் பலகையை என் காசிலேயே அடித்துவிட்டேன்.

அந்த மூன்று மாதத்தில்தான் இலங்கையின் ஏ வீதிப் பட்டியலை உட்கார்ந்து பாடமாக்கினேன். கோபத்தில் பாடமாக்கினது மறக்காது.

9 மார்ச்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பஸ்ஸில் வந்தால் எண் மாறுவதில்லையே, 87 தானே?" நல்ல கேள்வி. கொழும்பு–யாழ்ப்பாணம் பஸ்ஸின் எண் 87. புறக்கோட்டையில் ஏறினாலும் 87, யாழ்ப்பாணத்தில் இறங்கினாலும் 87. அடியில் ஓடுகிற தார் எத்தனை தரம் எண் மாறினாலும் பஸ்ஸுக்குக் கவலை இல்லை. பஸ் எண் பயணத்துக்கு வைத்தது. வீதி எண் தாருக்கு வைத்தது. நாங்கள் "ஏ9 ஆல் வந்தேன்" என்று சொல்லும்போது தாரின் எண்ணைப் பயணத்துக்கு வைக்கிறோம். முழுக் குழப்பமும் அங்கேதான்.

எழுதிவிட்டுப் பார்த்தால் பெரிய கண்டுபிடிப்பு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எங்களூர் பஸ்ஸில் யார் எண் பார்த்து ஏறுகிறார்கள்? 750 என்று முன்கண்ணாடியில் இருக்கும். கொண்டக்டர் கத்துவது "நெல்லியடி, நெல்லியடி, பருத்தித்துறை". குறிகாட்டுவானுக்குப் போகிற 776 இலும் அதே கதை. காதுதான் பலகை.

15 மார்ச்

சரி, ஏன் இந்த ஒரு எண் மட்டும் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது? பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஏ35. மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34. மதவாச்சியில் இருந்து மன்னார், தலைமன்னார் ஏ14. இவை யாருக்கும் தெரியாது. ஏ9 மட்டும் எழுத்தறியாத கிழவிக்கும் தெரியும்.

எனக்குத் தோன்றுகிற காரணம்: அது பூட்டப்பட்ட வீதி. 2002 இல் திறந்தார்கள், 2006 ஆகஸ்டில் முகமாலையில் பூட்டினார்கள், போர் முடிந்த பிறகுதான் மறுபடி திறந்தது. அந்த ஆண்டுகளில் வானொலியைத் திறந்தாலும் பத்திரிகையை விரித்தாலும் "ஏ9 பாதை". திறந்தே கிடக்கிற வீதிக்கு யாரும் எண் சொல்லிக் கதைப்பதில்லை.

எங்கள் அம்மம்மா கைதடி. வீட்டு வாசலில் கண்டி வீதி. 2006 இல் மாமா வந்து "ஏ9 பூட்டியாச்சு" என்று சொன்னதும், அவ தேங்காய் துருவிக்கொண்டே, "அது பூட்டினால் பூட்டட்டும், நான் கண்டி றோட்டாலை போறன்" என்றா. சாவகச்சேரிச் சந்தைக்குப் போகத்தான். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவ சொன்னது சரி. கைதடியில் இருந்து சாவகச்சேரிக்குப் போகிற வீதி பூட்டப்படவில்லை. பூட்டப்பட்டது செய்தியில் வருகிற வீதி. இரண்டும் ஒரே தார் என்று அவவுக்கு நாங்கள் விளங்கப்படுத்தவும் இல்லை.

22 மார்ச்

வீதியின் பெயரைப் பற்றி ஒரு சண்டை கீழே கருத்துகளில் ஓடுகிறது, அதனால் இது. யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி என்கிறோம். அதே வீதிக்குக் கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதி என்று பெயர். வவுனியாக்காரர் நகரத்துக்குத் தெற்கே இருக்கிற துண்டைக் கண்டி வீதி என்றும் வடக்கே இருக்கிறதை யாழ் வீதி என்றும் சொல்கிறார். மூன்று பேரும் சரி. எங்கள் ஊர்களில் வீதியின் பெயர் என்பது விரல் காட்டுகிற திசை. பருத்தித்துறை வீதியில் நடந்து பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தால், திரும்பி நின்று பார், அது யாழ்ப்பாண வீதி ஆகிவிட்டிருக்கும்.

இதனால்தான் எண் தேவைப்படுகிறது என்று ஒருவர் வாதாடுகிறார். எண் திரும்பி நின்றாலும் மாறாதாம். கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்ததைப் படியுங்கள்.

30 மார்ச்

யாழ்ப்பாண நகரத்தில் இருந்து கிளம்புகிற பெரிய வீதிகள் பலவற்றுக்கு ஏபி என்று தொடங்கும் எண். காங்கேசன்துறை வீதி ஏபி16. பருத்தித்துறை வீதி ஏபி20. ரத்த வகை மாதிரி. யாழ்ப்பாணத்துக்கு ஏபி ரத்தம். முழு ஏ கிடையாது, அடுத்த தரமான பி என்று தள்ளவும் மனமில்லை, அதனால் நடுவில் ஒரு ஏபி என்று நினைக்கிறேன்.

இப்போது ஏபி20 ஐயும் ஏபி21 ஐயும் பாருங்கள். ஏபி20 யாழ்ப்பாணம்–பருத்தித்துறை. முத்திரைச் சந்தி, கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர்ச் சந்தி, ஆவரங்கால், வல்லை வெளி, நெல்லியடி, மந்திகை. எங்கள் வீட்டுக்குக் கிட்டப் போகிறது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். ஏபி21 உம் யாழ்ப்பாணம்–பருத்தித்துறைதான். ஆனால் மேற்கே போய்ப் பொன்னாலை தொட்டு, மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை என்று குடாநாட்டின் கரையை வளைத்துக்கொண்டு போகிறது. இரண்டு வீதிக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, எண்ணும் அடுத்தடுத்த எண். ஒன்று முதுகெலும்பு, மற்றது விலா.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த சாரதியிடம் பருத்தித்துறைக் கடை ஒன்றுக்குத் தளபாடம் ஏற்றி அனுப்பினேன். மாத்தளைப் பையன், தம்புள்ளைச் சந்தைக்கு இருட்டிலும் போய் வருவான், குடாநாடு புதிது. நகரத்தில் யாரிடமோ வழி கேட்டிருக்கிறான். கேட்டது பருத்தித்துறைக்கு. காட்டப்பட்டது பொன்னாலைப் பக்கம். பொன்னாலைக்குப் போனவன் வலப்பக்கம் திரும்பாமல் நேரே கடற்பாலத்தில் ஏறிவிட்டான். பாலம் முடிந்தால் காரைநகர். அங்கேயும் நிற்கவில்லை. ஊர்காவற்துறைக்குக் கடல் கடக்கிற துறைமுனையில் போய் நின்று போன் எடுத்தான்.

"அண்ணே, பாதை முடிஞ்சிருச்சு. முன்னால கடல்."

பின்னால் யாரோ ஒரு ஐயாவின் குரல் எனக்கும் கேட்டது: "பாதை முடியேல்லைத் தம்பி, அக்கரையிலை நிக்குது. இப்ப வரும்."

அந்த ஊரில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடல் கடக்கிற மிதவை. பையனுக்கு அது தெரியாது. பாதை வரும் என்றால் என்ன, வீதி நீந்தி வருமா என்று என்னிடம் கேட்டான். அரை மணித்தியாலம் நின்று உண்மையாகவே பார்த்திருக்கிறான், வந்ததாம். லொறி ஏறாது என்று அவர்களே திருப்பி அனுப்பினார்கள்.

31 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அதில் வீதி எண்ணின் பிழை என்ன? வழி காட்டியவரின் பிழை" என்கிறார். ஒத்துக்கொள்கிறேன், பாதி. வழி காட்டியவருக்கு எண் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் மட்டும்? "ஏபி20 இல் போ, ஏபி21 இல் போய்விடாதே" என்று ஓடுகிற லொறிக்குச் சொல்லிப் பாருங்கள். "நெல்லியடியாலை போ" என்பதுதான் சரியான எண்.

12 ஏப்ரல்

இரண்டு விடயம்.

ஒன்று, ஏபி பற்றி நான் சொன்னது பிழை. ஏக்கும் பிக்கும் நடுவில் தொங்குகிற வகை இல்லை அது. ஏ வகைக்குள்ளேயே ஏஏ, ஏபி, ஏசி என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் ரத்தம் சுத்தமான ஏ தான். நகைச்சுவையை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

இரண்டு, முந்தாநாள் பலாலி வீதியில் வசாவிளான் பக்கம் இராணுவம் அடைத்து வைத்திருந்த துண்டைத் திறந்திருக்கிறார்கள். போன நவம்பரில் அச்சுவேலி–பலாலி வீதி திறந்தது, அது 34 வருடத்துக்குப் பிறகு. வசாவிளானில் திறந்தபோது காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான் போகலாம், இடையில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்றார்கள். நேற்று மோட்டார் சைக்கிளில் போனேன். இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அங்கால் பற்றை, பற்றைக்குள் ஒரு வீட்டின் சுவர். பின்னால் இருந்த மனைவி "கொஞ்சம் மெதுவாய்" என்றா. அவவின் சின்னம்மா வீடு அந்தப் பக்கம் எங்கேயோ. நிற்கக்கூடாது என்று பலகை. மெதுவாகப் போகக்கூடாது என்று போடவில்லை.

பட்டியலில் இந்த வீதிகள் எல்லாம் ஒரு நாளும் அறுந்ததில்லை. ஒரு முனை, மறு முனை, நடுவில் ஒரு கோடு. மனிதர் போகாத அந்த முப்பது சொச்ச வருடமும் எண் மட்டும் தடையின்றிப் போய் வந்திருக்கிறது.

20 ஏப்ரல்

புதுவருடத்துக்கு லொறிகள் நின்றதால் பி வீதிகளைக் கையில் எடுத்தேன். பைத்தியம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

மானிப்பாய்–கைதடி வீதி பி268. புலோலி–கொடிகாமம்–கச்சாய் பி371. புத்தூர்–மீசாலை பி380. வல்லை–தெல்லிப்பழை–அராலி பி437. எல்லாம் குடாநாட்டுக்குள், ஒரு மணித்தியாலத்தில் நாலையும் தொட்டுவிடலாம். எண்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன? மேற்கில் இருந்து கிழக்கா? நீளத்தின்படியா? கொழும்பில் இருந்து தூரமா? ஒன்றும் பொருந்தவில்லை. இரவு ஒரு மணிக்குப் பிடிபட்டது. தொடங்குகிற ஊரின் பெயரை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி, நாடு முழுவதற்கும் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பாடசாலையில் வரவு இடாப்பு மாதிரி. வல்லை கடைசி எழுத்துகளில் வருவதால் 437. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை.

தமிழ் அகரவரிசையில் போட்டிருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். புத்தூர், புலோலி, மானிப்பாய், வல்லை. மற்ற மூன்றும் அப்படியே தலைகீழாகிவிடுகின்றன. வல்லை மட்டும் அப்போதும் கடைசி. அந்த வெளியில் அடிக்கிற காற்றில் யார் முன்னுக்கு வருவார்கள்!

4 மே

ஏ32 ஏன் காரைதீவால் போகிறது என்று மன்னாரில் இருந்து ஒருவர் கேட்டதற்கு. ஏ32 ஐ நாவற்குழி–காரைதீவு–மன்னார் என்று பட்டியல் ஆங்கிலத்தில் எழுதுகிறது. முதலில் பார்த்தபோது நானும் அதிர்ந்துபோனேன். காரைதீவு என்பது எங்கள் காரைநகரின் பழைய பெயர். நாவற்குழியில் இருந்து மன்னாருக்குப் போகிறவன் ஏன் காரைநகருக்கு வருகிறான்? என் மாத்தளைப் பையன் மாதிரி வழி தவறியா? இன்னொரு காரைதீவு கிழக்கில், கல்முனைக்குக் கிட்ட, ஏ4 இல் இருக்கிறது. அது இன்னும் மோசம்.

பட்டியல் சொல்ல வந்தது கேரதீவு. நாவற்குழியில் ஏ9 ஐ விட்டுத் தெற்கே திரும்பினால் கேரதீவு, கடல் நீரேரி, அக்கரையில் சங்குப்பிட்டி, பிறகு பூநகரி. முந்தி அங்கேயும் பாதைதான், மிதக்கிற பாதை. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னாருக்குப் போக வவுனியா வரை இறங்கி ஏறத் தேவையில்லை. எனக்கு டீசலில் மிஞ்சிய காசைச் சொன்னால் கண் படும். ஒரு எழுத்துப் பிழைக்காக அந்த வீதியோடு கோபிக்க முடியாது.

4 மே, பிறகு

இதையும் சொல்லிவிடுகிறேன், மறந்துபோகும். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடம். கட்டை என்றால் மைல். எதில் இருந்து 155 மைல்? யாழ்ப்பாணத்தில் இருந்து என்றால் கடலுக்குள் போய்விடும், கொழும்பு என்றால் காணாது. 155 மைல் 249 கிலோமீற்றர். 321 இல் கழித்தால் 72. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் 70 சொச்சம்தான். கண்டியில் இருந்து எண்ணியிருக்கிறார்கள்! மைல் போய்க் கிலோமீற்றர் வந்து, கல்லும் போய், அந்த எண் மட்டும் ஊர்ப்பெயராகி நிற்கிறது. வீதிக்கு வைத்த எண்களில் சனம் தானாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டது ஏ9 க்குப் பிறகு இது ஒன்றுதான் என்பேன். கிளிநொச்சிக்காரர் யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

25 மே

"இவ்வளவு படித்து என்ன பிரயோசனம்?" ஒன்றே ஒன்று. குழி யாருடையது என்று தெரியும். ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி மாகாணத்திடம். மிச்சம் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை. எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறுகிற வாயில் ஒரு கிடங்கு. ஒரு அலுவலகத்தில் சொன்னேன், அது ஒழுங்கையில் என்றார்கள். மற்றதில் சொன்னேன், அது பெரிய வீதியின் ஓரம் என்றார்கள். ஒரு கிடங்குக்குள் இரண்டு வகை வீதி ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதை அன்றுதான் பார்த்தேன். இப்போது அதில் ஒரு பூவரசங் கிளை நட்டிருக்கிறோம். தளிர்த்துவிட்டது.

7 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மறுபடி கொழும்பால் வந்தாராம், இந்தமுறை ரம்பேவயில் நிறுத்தி, இறங்கி, ஏ9 பலகையைப் படம் எடுத்தாராம். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வந்து, வழி தெரியாமல் நிற்கிறாரோ என்று நினைத்து, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

என் பக்கம்: காப்புறுதி அலுவலுக்குப் பயந்து, ஒவ்வொரு நடைக்கும் போகிற வீதி எண்களை எழுதி வைக்கும்படி சாரதிகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். இன்று விரித்துப் பார்த்தேன். முதல் நாள் மாத்தளைப் பையன் அழகாக ஏ9, ஏ20, ஏ28 என்று எழுதியிருக்கிறான். இரண்டாம் நாளில் இருந்து எல்லா வரியிலும் "வழமையான றோட்டு". ஒரு வரியில் மட்டும் "பாதை வரவில்லை, திரும்பி வந்தேன்". காரைநகருக்கு அவனை யார் மறுபடி அனுப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.